நாலாம் நம்பர் பச்சை

வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று மூன்று வருஷமாகப் பேச்சு. பேச்சில்தான் வெள்ளை. இப்போது வெள்ளையை யார் அடிக்கிறார்கள்? மகன் பெயிண்ட் கம்பெனி அட்டை ஒன்றைக் கொண்டுவந்து பனையோலை விசிறிபோல விரித்தான். "காம்பவுண்டு சுவருக்குப் பச்சைதாம்ப்பா. எந்தப் பச்சைன்னு நீங்க சொல்லுங்க" என்றான். பென்ஷன்காரனுக்குக் கொடுக்கிற மரியாதை அது. வேறு எதையும் என்னிடம் கேட்க மாட்டார்கள்.

எண்ணிப் பார்த்தேன். பச்சை மட்டும் 38. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். காட்டின் மூச்சு, மலையடிவாரத்து மௌனம், மழைக்குப் பிந்தைய ஏதோ ஒன்று என்கிற தினுசில், எல்லாம் இங்கிலீஷில். புதுச்சேரித் தட்டாஞ்சாவடியில் பிறந்து தட்டாஞ்சாவடியிலேயே அறுபதைத் தாண்டியவன் நான். இங்கே பச்சை நிறையவே இருந்தது. ஆனால் அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

பெயர் என்றதும் ஊர்ப் பெயர் ஞாபகம் வருகிறது. தட்டாஞ்சாவடி என்றால் தட்டான்கள் வந்து இறங்கும் சாவடி என்று ஆறேழு வயதுவரை நம்பியிருந்தேன். நகை செய்கிற தட்டார்களை எனக்குத் தெரியாது. வரப்பில் பறக்கிற தட்டானைத் தெரியும். மழை விட்ட சாயங்காலம் நூற்றுக்கணக்கில் வரும். அதில் பச்சையும் கறுப்புமாக வரி போட்ட ஒரு சாதி உண்டு. தட்டானைப் பிடித்துத் தின்கிற தட்டான் அது. நாங்கள் அதைப் பிடித்து வாலில் நூல் கட்டுவோம். அதன் நிறத்தை ரசித்தோமா என்றால், இல்லை. நூல் கட்டுகிறவனுக்கு நிறம் எதற்கு?

அப்போது ஊருக்கு மேற்கே போனால் வயல். தொழிற்பேட்டைக்குப் போனது போக மிச்சமிருந்த நிலத்தில் மாமா நெல்லும் மல்லாட்டையும் போட்டார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. மணிலாக்கொட்டை என்பது எங்கள் வாயில் புகுந்து இப்படி ஆகிவிட்டது. மாமா வரப்பில் நின்று, "ஆகா, பச்சைப்பசேல்!" என்று சொல்லி நான் கேட்டதில்லை. பச்சைப்பசேல் என்பது பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டில் மட்டும் விளைந்த பயிர். 'நான் விரும்பும் இயற்கைக் காட்சி' என்று தலைப்புக் கொடுத்தால் பத்து வரியில் ஏழு தடவை அறுவடை செய்வோம்.

பயிர் நன்றாக இருந்தால் மாமா சொல்வது, "கருகருன்னு நிக்குது." கறுப்பு! சத்துக் குறைந்தால், "வெளுத்துப் போச்சு." வெள்ளை! இடையில் உள்ள பச்சை அவர் வாயில் வராது. வயலில் அவருக்குத் தெரிந்தது இரண்டே நிறம். அளவுக்கு மேல் கறுத்தாலும் அவர் முகம் கறுக்கும். யூரியா அதிகமாகிப் பயிர் கொழுத்தால் புகையான் வரும், இலைச்சுருட்டுப்புழு வரும், குலைநோய் வரும், கதிர் பிடிக்கும் நேரத்தில் ஒரு காற்றடித்தால் பாய் விரித்த மாதிரி சாய்ந்துவிடும். நீங்களும் நானும் பஸ் ஜன்னலில் கன்னத்தை வைத்துக்கொண்டு 'அடடா' என்று பார்க்கிற அந்த அடர்த்தியான பச்சை வயலின் சொந்தக்காரர் அநேகமாக அன்று ராத்திரி தூங்கியிருக்க மாட்டார்.

போகத்துக்கு ஒரு தடவை மாமா 'பச்சை' என்று சொல்வார். நடவு முடிந்து ஒரு வாரம் பத்து நாளில் வயலைச் சுற்றி வந்து, கால் கழுவிக்கொண்டே, "பச்சை புடிச்சிக்கிச்சி." நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நட்டது வேர் விட்டுப் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். மாமி உடனே சாமி விளக்கின் திரியைத் தூண்டுவார். அதோடு சரி. அப்புறம் மூன்று மாதம் எல்லோரும் அந்தப் பச்சை எப்போது ஒழியும் என்று காத்திருப்பார்கள். மஞ்சளானால்தானே காசு!

இதற்குள் உலகத்தில் 'பசுமைப் புரட்சி' என்று ஒரு பெயர் வைத்துவிட்டிருந்தார்கள். 1968இல் வில்லியம் காட் என்கிற அமெரிக்க அதிகாரி, ருஷ்யாவின் சிவப்புப் புரட்சிக்கு எதிராக இது பச்சை என்று ஒரு கூட்டத்தில் சொல்லப்போக, அதுவே நிலைத்தது. மாமா அந்தப் புரட்சியில் முழுமூச்சாக ஈடுபட்டவர், தனக்குத் தெரியாமலே. அவருக்குத் தெரிந்தது ஐ.ஆர். 8. சோறு ருசிக்காது, மூட்டை நிறையும் என்பார். பிறகு ஐ.ஆர். 20க்கு மாறினார்.

மல்லாட்டை விஷயத்தில் பச்சை இன்னும் மோசம். காயப்போட்டு மூட்டை கட்டி எடுத்துப்போனால், வாங்க வந்த வியாபாரி கையளவு அள்ளிக் காதருகே குலுக்குவார். கலகலவென்று சத்தம் வந்தால் சரி. வராவிட்டால் ஒன்றை உடைத்து வாயில் போட்டு, கண்ணை மூடி, ஜோசியம் சொல்வதுபோல, "பச்சையா கீது" என்பார். அந்த ஒரு சொல்லில் மூட்டைக்கு ரெண்டு கிலோ போய்விடும். பயிரில் போற்றி வளர்த்த பச்சை, பருப்பில் வந்தால் நஷ்டம்.

ஆயாவின் அகராதியிலும் அப்படித்தான். பச்சை உடம்புக்காரி வெளியே வரக்கூடாது. பச்சைப்புள்ளயை அண்ணாந்து தூக்கக்கூடாது. பச்சைத்தண்ணியில் தலை முழுகக்கூடாது. பச்சை விறகு அடுப்பில் புகையும். பச்சைப் புண்ணில் ஈ மொய்க்கும். எதிர்வீட்டுக்காரன் குடித்துவிட்டுப் பச்சையாகப் பேசுகிறான், கதவைச் சாத்து. ஆறாதது, வேகாதது, காயாதது, மூடாதது எல்லாம் ஆயாவுக்குப் பச்சை. அவர் முன்கையில் ஒரு கோலம் இருந்தது. விளக்குக் கரியை வைத்து ஊசியால் குத்தியது. கறுப்பாகத்தான் குத்தினார்களாம், தோலுக்கடியில் போய் அது பச்சையாகத் தெரிந்தது. குத்தினவளுக்கு ஒரு படி அரிசி கூலி. ஊரில் இப்போது இதற்கு ஏ.சி. போட்ட கடைகள் இருக்கின்றன. 'டாட்டூ' என்று சொன்னால்தான் உள்ளே விடுகிறார்கள்.

ஆனால் ஆயாவைக் குறைத்துச் சொல்லக்கூடாது. புடவைக்கடையில் கால் வைத்தால் ஆள் மாறிவிடுவார். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, வாழைக்குருத்துப் பச்சை, மயில் பச்சை, ராமர் பச்சை என்று கடைக்காரரை அலைக்கழிப்பார். பெயிண்ட் கம்பெனிக்காரனின் 38ஐ அவரிடம் காட்டியிருந்தால் பாதியைத் தள்ளிவிட்டு, விட்டுப்போன ஐந்தாறைச் சொல்லியிருப்பார். ஒரு வித்தியாசம். ஆயா சொன்ன ஒவ்வொரு பச்சையையும் எங்கள் தெருவிலேயே காட்டலாம். கிளி முருங்கையில் இருந்தது, பாசி கிணற்றில் இருந்தது, குருத்து கொல்லையில் இருந்தது. ராமரை மட்டும் நம்பித்தான் ஆக வேண்டும்.

பச்சையைப் பார்ப்பதற்கென்றே ஒரு முறை எங்களை அழைத்துப்போனது பள்ளிக்கூடம். டவுனில் உள்ள தாவரவியல் பூங்கா, 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கியது. பெரோத்தே என்ற தாவரவியல்காரர் எங்கெங்கோ தீவுகளிலிருந்து செடிகளைக் கொண்டுவந்து அதை வளர்த்து, 1870இல் இந்த ஊரிலேயே செத்துப்போனார். வாத்தியார் இதையெல்லாம் உருக்கமாகச் சொன்னார். நாங்களோ மரத்துக்கெல்லாம் தகட்டில் பெயர் எழுதி மாட்டியிருப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். மரத்துக்கு எதற்குப் பெயர்ப்பலகை? அது என்ன வக்கீலா, டாக்டரா?

இன்னொரு பச்சையையும் சொல்லிவிட வேண்டும், அதற்குத்தான் நான் உண்மையிலேயே ஏங்கினேன்: பச்சை மை. கெசட்டட் ஆபீசர் கையெழுத்து. மார்க்‌ஷீட் நகலில் அந்தப் பச்சைக் கிறுக்கல் விழுவதற்காக வெயிலில் எத்தனை வாசலில் நின்றிருக்கிறேன்! ஒருநாள் நானும் அப்படிப் போடுவேன் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் பழகிப் பார்த்தேன். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதப் போனேன். எனக்கு வாய்த்தது நீலமும் சிவப்பும். நான் ரிட்டையர் ஆகும் காலத்தில் 'நீங்களே கையெழுத்துப் போட்டால் போதும்' என்று சொல்லிவிட்டார்கள். என் ஆயுளில் தீர்க்கமாக ஆசைப்பட்ட ஒரே பச்சை, விலையில்லாமல் போயிற்று.

கம்பெனி நின்ற இடம் ஒருகாலத்தில் வயல்தான் என்பதையும் இந்த இடத்திலேயே ஒப்புக்கொள்கிறேன். சம்பளம் வாங்கினேன், வீடு கட்டினேன். மாமாவும் குறை சொல்லவில்லை. நிலத்துக்கு நல்ல விலை வந்ததும் விற்றுவிட்டு வில்லியனூர்ப் பக்கம் கொஞ்சம் வாங்கிக்கொண்டார். இன்று தட்டாஞ்சாவடியில் நாற்று நடுகிறவரைத் தேடவேண்டும். ஆனால் வேளாண்துறையின் தலைமை அலுவலகம் இங்கேதான் இருக்கிறது, விளைபொருளுக்கான ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இங்கேதான் இருக்கிறது. பயிர் போனாலும் பயிர் பற்றிய கோப்பு எங்களை விட்டுப் போகவில்லை.

ஒருநாள் அந்த அலுவலகத்துப் பக்கம் ஒரு காரியமாக வந்த மாமா, எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை மேசையில் வைத்தார். ஏதோ விவசாயிகள் பயிற்சியில் கொடுத்தார்களாம். இலை வண்ண அட்டை. ஜப்பானில் பிறந்து, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்ந்து, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கடைசியில் மாமாவின் சட்டைப்பைக்கு வந்த அட்டை. அதில் ஆறு பச்சைப் பட்டைகள், 1 முதல் 6 வரை. ஒன்று மஞ்சள் கலந்த வெளிர்பச்சை. ஆறு, மாமா பாஷையில், கருகரு.

செய்முறை இதுதான். நட்ட பதினான்காம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை. காலை எட்டிலிருந்து பத்துக்குள். வெயில் நேராக இலையில் விழக்கூடாது. உங்கள் உடம்பு நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். மேலிருந்து மூன்றாவதாக முழுக்க விரிந்த இலை. வயலில் பத்து இடம். வெள்ளைப் பொன்னி என்றால் மூன்று, மற்ற ரகம் என்றால் நான்கு. பத்தில் ஆறு இலை அந்த எண்ணுக்குக் கீழே வெளுத்திருந்தால் தழைச்சத்து போடு, இல்லாவிட்டால் யூரியா மூட்டையைத் தொடாதே.

"மாப்ள, இவ்ளோ நாளா கண்ணால பாத்துகினு இருந்ததுக்கு நம்பர் போட்டுக் குடுத்துட்டாங்கடா" என்று மாமா சிரித்தார். ஆனால் அந்த போகத்தில் மூன்று தடவை போடுகிற யூரியாவை இரண்டோடு நிறுத்தினார். நிறத்தைப் பார்த்துச் சத்தைச் சொல்வதில் மந்திரம் ஒன்றுமில்லை. இலையின் பச்சையம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இல்லாமல் உருவாகாது. ஒவ்வொரு பச்சைய மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீசியம், அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன். அந்தப் பச்சையம் வெயிலில் சிவப்பையும் நீலத்தையும் எடுத்துக்கொண்டு, பச்சையை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளாமல் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. நம் கண்ணோ பகல் வெளிச்சத்தில் வேறெந்த நிறத்தையும்விடப் பச்சைக்குத்தான் அதிகம் துடிக்கிறது. இலை சாப்பிட்டு ஒதுக்கியதைப் பார்த்து இத்தனை கட்டுரை எழுதியிருக்கிறோம், நான் எழுதுவது உட்பட.

மாமா போன பிறகு அந்த அட்டை என்னிடம் தங்கிவிட்டது. ரேஷன் கார்டு வைக்கிற பையில் இருக்கிறது.

இந்தக் கதையில் எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற ஒன்று உண்டு. சிறுவயதில் கோரிமேட்டைத் தாண்டி வடக்கே போனால் செம்மண் மேடு. மழைத்தண்ணீர் அறுத்துப்போட்ட ஓடைகள், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பனை. காற்றடித்தால் வாயெல்லாம் செம்மண். அங்கேதான் 1968 பிப்ரவரி 28ஆம் தேதி 124 நாட்டு இளைஞர்களை வரவழைத்து, ஆளுக்கொரு பிடி மண்ணைத் தாழியில் போடச் சொல்லி ஆரோவில்லைத் தொடங்கினார்கள். "மண்ணே கெடைக்காத ஊராட்டம் மண்ணு கொண்டாந்து கொட்டறானுங்களே" என்று எங்கள் பெரியவர்கள் சிரித்தார்களாம். பிறகு வெள்ளைக்காரப் பிள்ளைகள் கோவணம் மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு குழி வெட்டுவதையும், மழைநீர் ஓடாமல் கரை போடுவதையும், சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் கூலிக்குப் போய்க் கன்று நடுவதையும் பார்த்துச் சிரித்தோம். சீக்கிரம் வளரும் ஆஸ்திரேலிய அகேசியாவை முதலில் நட்டு, அதன் நிழலில் இந்தக் கடற்கரைப் பகுதியின் சொந்தக் காட்டு மரங்களை மெல்லமெல்ல ஏற்றினார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பேரனுக்கு மரம் காட்ட அங்கேதான் போகிறோம். தட்டாஞ்சாவடிக்காரன் செம்மண் மேட்டுக்குப் பச்சை பார்க்கப் போகிறான்! ஒன்றுமில்லாதவர்கள் நட்டார்கள், இருந்த நாங்கள் பிளாட் போட்டோம்.

நாங்கள் என்று பன்மையில் ஒளிந்துகொள்வதும் சரியில்லை. எங்கள் வாசலில் ஒரு வேப்பமரம் நின்றது. 2011 டிசம்பர் 30 விடிகாலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது ஊரில் மரங்கள் தீக்குச்சியாக முறிந்து கிடந்தன. எங்கள் வேம்பு இரண்டு கிளையை மட்டும் கொடுத்துவிட்டு நின்றது. தெருவே வந்து பார்த்தது. மனைவி அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். அப்புறம் ஐந்து வருஷம் கழித்து மகன் கார் வாங்கினான். கார் நிறுத்த இடம் வேண்டும், வேப்பம்பூ கொட்டிக் கண்ணாடி பாழாகிறது, பறவை எச்சம் பெயிண்டைத் தின்கிறது. கோடரிக்காரருக்குக் கூலி பேசியது நான்தான். அரை நாளில் வேலை முடிந்தது. குங்குமம் வைத்த துண்டை மட்டும் தனியாக எடுத்து வைக்கச் சொன்னாள் மனைவி. பிறகு அந்த இடத்தில் காருக்கு வெயில் படாமல் இருக்கப் பச்சை வலை வாங்கிக் கட்டினோம்.

அந்த வலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்றுப்பண்ணைகளில் இளங்கன்று வாடாமல் இருக்கக் கட்டுகிற நிழல் வலை. ஐம்பது சதவிகிதம் வெயிலை மறைப்பது, எழுபத்தைந்து மறைப்பது என்று கணக்குச் சொல்லி விற்பார்கள். 2024 கோடையில் புதுச்சேரி சிக்னல்களில் பொதுப்பணித்துறை சாலைக்குக் குறுக்கே உயரமாக இந்தப் பச்சை வலையைப் பந்தலாகப் போட்டது. படம் நாடு முழுக்கச் சுற்றியது. மற்ற ஊர்க்காரர்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். மே மாதத்து மத்தியானம், ஸ்கூட்டரில் நான் அதன் அடியில் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற டி.வி.எஸ்.காரர் அண்ணாந்து பார்த்து, "இன்னா சார், சொர்க்கம் மாதிரி கீதுல்ல?" என்றார். ஆமாம் என்றேன். சுற்றிலும் ஹெல்மெட்டுகள். வெயில் தாங்காத நாற்றாக நாங்கள் வரிசையில் நட்டு வைக்கப்பட்டிருந்தோம். நாற்பது விநாடியில் சிக்னலும் பச்சை ஆனது. அன்றைக்குத்தான் அது இவ்வளவு சீக்கிரம் விழுந்திருக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கும். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.

பெயிண்டர் வருவதாகச் சொன்ன நாள் காலையில், பையிலிருந்து மாமாவின் அட்டையை எடுத்தேன். மணி எட்டரை. விதிப்படிதான் எல்லாம் நடக்க வேண்டுமென்று வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பேரனைக் கூட வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள பச்சைகளை ஒவ்வொன்றாக அளந்தேன். கார் மேலே உள்ள வலை: ஆறுக்கும் மேலே, அட்டையில் அடங்கவில்லை. மக்கும் குப்பைக்கான பச்சைத் தொட்டி: ஆறு. மாடி வராண்டாவில் மருமகள் விரித்திருக்கும் பிளாஸ்டிக் புல்: அச்சு அசலாக ஐந்து. வருஷம் நாலாகியும் ஐந்திலேயே நிற்கிறது, அதற்கு யூரியாவும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், வாரம் ஒருமுறை வாக்குவம் கிளீனர் போதும். "தாத்தா, இதுதான் ஃபர்ஸ்ட்டா?" என்று பேரன் கேட்டான். மார்க் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

கீழே காம்பவுண்டு சுவரில், வேம்பு நின்ற மூலையில், விரிசலுக்குள்ளிருந்து ஒரு அரசங்கன்று. சுண்டுவிரல் நீளத்தில் ஐந்தாறு இலை. யாரும் நடவில்லை, ஏதோ காகத்தின் வேலை. மேலிருந்து மூன்றாவது இலையை என் நிழலில் பிடித்துப் பார்த்தேன். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில், நான்கின் பக்கம் சாய்ந்து. நெல்லுக்கான அட்டையில் அரசை அளப்பது தப்பு என்று மாமா இருந்தால் சொல்லியிருப்பார்.

பெயிண்டர் ஒன்பது மணிக்கு வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், சுரண்டிப் பார்த்தார், மூலைக்கு வந்தார்.

"சார், பெயிண்ட் ஏத்தறதுக்கு முன்னாடி இத்த எட்த்துடணும். வேர் உள்ள போச்சுன்னா செவுரு வாய் பொளந்துரும்."

சொன்னதில் தப்பில்லை. நான் பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றால் சரி என்று அவருக்கு அர்த்தம். இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வரவில்லை. ஸ்க்ரேப்பரை விட்டு நெம்பினார். அடிவேரோடு வந்தது. பேரன் அதை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினான்.

"எந்தப் பச்சை சார்?" என்றார் கையைத் தட்டிக்கொண்டே.

38 பச்சை அட்டை உள்ளே மேசைமேல் இருந்தது. கையில் இருந்ததை நீட்டினேன்.

"நாலாம் நம்பர்."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்தக் கம்பெனி சார்?"